கண்டக்டர் மயங்கி விழுந்தால்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று ஒரு சர்க்யூட் போர்டு செத்தது. புகை நூலிழை அளவுதான். ஆனால் அந்த நாற்றம் சாயங்காலம் வரை அறையை விட்டுப் போகவில்லை. என் துணியோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது.

தேநீர் வாங்கக் கீழே போனேன். நான் செய்த தப்பு அவ்வளவுதான். திரும்புவதற்குள் முதலாளி தானே கனெக்டரைச் செருகிவிட்டார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'அவசரம்'. எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டுதான் நிற்பார். நாங்கள் என்றால் நானும் பூனையும். பூனை எங்களுக்குப் புரோகிராம் எழுதுகிறவள். பின்னால் வந்து நின்றால்கூட யாருக்கும் தெரியாது, அதனால் அந்தப் பெயர். டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள், மூன்று பேர், ஒரு ட்ரோன். இதுதான் எங்கள் கம்பெனி. அவர்கள் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ட்ரோனுக்குள் இரண்டு போர்டுகள். ஒன்று ஃப்ளைட் கன்ட்ரோலர். காற்று தள்ளினால் நிமிர்ந்து நிற்பது, மோட்டாருக்கு வேகம் சொல்வது எல்லாம் அதன் வேலை. இன்னொன்று உள்ளங்கையில் அடங்கும் கணினி. கேமரா வழியாகப் பார்த்து, 'இங்கே நில், அங்கே போ' என்று சொல்வது அது. நான் இவர்களை டிரைவர், கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவது. பஸ்ஸை ஓட்டுவது டிரைவர், விசில் அடிப்பது கண்டக்டர். இருவரும் பேசிக்கொள்ள மூன்றே கம்பிகள் போதும். இவன் பேசுவது அவன் காதுக்கு, அவன் பேசுவது இவன் காதுக்கு, இருவருக்கும் பொதுவாகக் கறுப்பு நிறத்தில் ஒரு தரைக் கம்பி. கண்டக்டரின் போர்டில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பின் வரிசையில் தரை முள்ளை ஒட்டியே ஐந்து வோல்ட் முள் இருக்கிறது. அவசரம் ஒரு முள் தள்ளிச் செருகிவிட்டார். கறுப்புக் கம்பி நேராக ஐந்து வோல்ட்டில் போய் உட்கார்ந்தது.

"ஒரு முள்ளுதானேம்மா தள்ளிப் போச்சு," என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

மழைக்கு முன்னால் மின் அலுவலகம் தன் உயரழுத்தக் கோபுரங்களை எல்லாம் பார்த்து முடிக்க வேண்டும். இந்த மாதக் கடைசியில் நாங்கள் ஒரு கோபுரத்தை ட்ரோனால் சுற்றிக் காட்டுவதாகப் பேச்சு. அவர்களுக்குத் திருப்தியானால் இந்த வருடம் பரிசோதனைக்கு ஆள் ஏற வேண்டியதில்லை. ஏறும் ஆட்களில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

இன்றும் சாப்பிட உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இவரை இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். உள்காதில் கோளாறாம். "திடீர்னு சுத்தும், கொஞ்ச நேரத்துல போயிரும். பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா சரியாகுற வரைக்கும் உசரமான எடத்துக்கு மட்டும் போகாதீங்க," என்றார். என்ன வேலை என்று கேட்டார். இவர் "மின் ஆபீஸ்ல," என்றார். டாக்டர் மேசை வேலை என்று எடுத்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். இவர் என் காலை மிதித்தார்.

வெளியே வந்ததும் எரிந்து விழுந்தேன். இவர் சிரித்தார். "ஆபீஸ்ல சொன்னா ஸ்டோர் ரூம்ல உக்காந்து ஸ்க்ரூ எண்ணச் சொல்லுவாங்க இன்ஜினியரம்மா. அங்க போனவன் திரும்ப லைனுக்கு வந்ததே இல்ல. சரியாகுற வரைக்கும் கீழ் வேலை கேட்டு வாங்கிக்கிறேன். ஏற மாட்டேன். போதுமா?"

போதும் என்றேன். போதுமா?

ஆகஸ்ட் 8, வெள்ளி

புது போர்டு வந்தது. அவசரத்தின் கையை மேசைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டேன்.

டிரைவரின் கனெக்டரில் இருந்து வரும் கேபிளில் ஒரு சிவப்புக் கம்பியும் உண்டு. ஐந்து வோல்ட். கண்டக்டருக்கும் அதிலிருந்தே சாப்பாடு போட்டுவிடலாம் என்று யாருக்கும் ஆசை வரும். போடக் கூடாது. டிரைவரின் பையில் இருப்பது சில்லறை; கண்டக்டரின் பசி பெரியது. இவன் இழுக்கிற இழுப்பில் அவனும் சேர்ந்து விழுவான். அதனால் பேட்டரியிலிருந்தே ஐந்து வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் தனிச் சப்ளை ஒன்றைக் கண்டக்டருக்கு வைத்தேன். சிவப்புக் கம்பியைச் சும்மா விடவும் பயம். இரண்டு பக்கத்திலிருந்தும் கரன்ட் வந்து முட்டிக்கொள்ளும். கனெக்டரிலிருந்தே அதை உருவி வெட்டி எறிந்தேன்.

"இருந்துட்டுப் போகட்டுமே, பின்னால ஒதவும்," என்றார் அவசரம்.

"அதான் சார் பயமா இருக்கு," என்றேன்.

ஒரு முள் தள்ளிச் செருகினாலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, வரிசையின் முனையிலிருந்தே மூடுகிற நீளமான சாக்கெட் ஒன்றைப் போட்டேன். மீட்டரை வைத்து ஒவ்வொரு முள்ளாகப் பார்த்தேன். பிறகு மறுபடியும் பார்த்தேன். வீட்டில் கேஸ் அடுப்பின் குமிழைத் திருகிப் பார்க்கிற புத்தி இங்கேயாவது உதவுகிறதே.

இன்னொரு சட்டமும் போட்டேன். கோபுரத்தில் ஏறுகிறவர்கள் லைனை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு பூட்டைச் சுவிட்சில் மாட்டுவார்கள். சாவி ஏறுகிறவனின் சட்டைப் பையிலேயே இருக்கும். அவன் இறங்கி வந்து தன் பூட்டைத் திறக்காமல் கடவுளே வந்தாலும் லைனில் கரன்ட் விட முடியாது. இறங்கியதும் பூட்டையும் சாவியையும் அலுவலக ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும். வீட்டில் இவர் சொல்லி எனக்குத் தெரிந்த பழக்கம் இது. அதையே எங்கள் மேசைக்கும் கொண்டு வந்துவிட்டேன். ட்ரோனுக்குள் கை விடுகிறவர் முதலில் நான்கு இறக்கைகளையும் கழற்ற வேண்டும். அவற்றைப் பிடிக்கும் நான்கு நட்டுகளும் கை விட்டவரின் பையில் இருக்க வேண்டும். நட்டு இல்லாமல் இறக்கையை மாட்ட முடியாது. இறக்கை இல்லாமல் எந்த மோட்டார் திடீரென்று சுற்றினாலும் யார் விரலும் போகாது.

பூனை உடனே தலையாட்டினாள். அவசரம் பெருமூச்சு விட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

துணி துவைக்கும்போது இவருடைய வேலைச் சட்டைப் பையில் ஏதோ கனத்தது. எடுத்துப் பார்த்தேன்.

பூட்டுச் சாவி.

ஏறியிருக்கிறார்.

அப்படியே கொல்லைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தத் தோன்றவில்லை. கீழ் வேலைக்குச் சாவி எதற்கு? அதைத் திருப்பி மாட்டக்கூட மறந்திருக்கிறாரே, இறங்கும்போது எப்படி இருந்ததோ? மேலே நிற்கும்போது சுற்றியதா? எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்?

ஏன் இப்படிப் பண்றீங்க. என்கிட்ட சிரிச்சுக்கிட்டே பொய் சொல்ல எப்படி மனசு வருது.

ஆகஸ்ட் 11, திங்கள்

சாவியைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இவர் பார்த்தார். மென்று விழுங்கினார்.

"ஒரே ஒரு கோபுரம். கூட வர்றவனுக்குக் காய்ச்சல். நான் போகலைன்னா ஏன் போகலைன்னு கேப்பாங்க."

"சுத்துச்சா?"

இவர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார். அத்தை, அதாவது என் மாமியார், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா சுத்துச்சு?" என்றார். "ஃபேனும்மா," என்றார் இவர். அத்தை நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். அது நின்றுகொண்டிருந்தது. அவர் உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நானே அவர் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டால் என்ன? மேலதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் சொன்னது நான் என்று தெரிந்தால் இவர் என்னிடம் பேசுவாரா? பதினெட்டு வயதிலிருந்து கோபுரம் ஏறுகிறவர். மேலே போனால்தான் மூச்சே சரியாக வருகிறது என்பார். அந்த மனிதரை நான் ஸ்டோர் ரூமில் கொண்டுபோய் உட்கார வைப்பதா? உட்கார வைக்காமல் விட்டு, நாளைக்கு ஒன்று ஆனால்?

ட்ரோன் மட்டும் பறந்துவிட்டால் யாரும் ஏற வேண்டாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அதற்குள் காதும் சரியாகிவிடும். எல்லாம் நல்லபடியாக முடிய அந்த மூன்று கம்பிகள் ஒழுங்காக இருந்தால் போதும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கண்டக்டரின் குரல் நடுநடுவே அறுந்து போகிறது. ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மேசையில் சும்மா வைத்தால் மணிக்கணக்காகப் பேசுகிறது. மோட்டாரை ஓட்டி அதிர விட்டால் பேச்சு நின்றுவிடுகிறது, பிறகு தானாக வருகிறது. பூனை தன் புரோகிராமைச் சந்தேகப்பட்டாள். பேசும் கம்பியையும் கேட்கும் கம்பியையும் நான் மூன்று தடவை மாற்றினேன். தரைக் கம்பியை யாரும் நினைக்கவே இல்லை. அது சும்மா தரைதானே.

கடைசியில் சலிப்பில் கறுப்பை லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. நுனியில் இருந்த தகடு செம்பைப் பிடிக்காமல் மேலுறையை மட்டும் நெரித்துப் பிடித்திருந்தது. செம்பு சும்மா உரசிக்கொண்டு நின்றிருக்கிறது. வெளியே பார்த்தால் கெட்டியாக, அழகாக இருக்கும்.

"இதைப் போட்டது யாருக்கா?" என்றாள் பூனை.

"நான்தான்."

அவள் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. எல்லாக் கம்பிகளையும் மறுபடி நெரித்து, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். இனிமேல் எதை நெரித்தாலும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல," என்றார். இழுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று பெரிய சண்டை. சத்தம் டயர் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

கேள்வி இதுதான். பறந்துகொண்டிருக்கும்போது கண்டக்டர் மயங்கி விழுந்துவிட்டால் டிரைவர் என்ன செய்ய வேண்டும்? அவசரம் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார். பேச்சு நின்றதும் அப்படியே செங்குத்தாக இறங்கிவிட வேண்டும். "அதுதான்மா சிம்பிள்."

"கீழ ஆள் நிக்குமே சார்?"

"ஒதுங்கிக்கிற மாட்டாங்களா?"

கோபுரத்தடியில் நிற்கப் போகும் அந்த ஆள் என் வீட்டுக்காரராகவே இருக்கலாம். சத்தம் போட்டேன். முதலாளி என்றுகூடப் பார்க்கவில்லை. நேர்க்கோட்டில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரட்டும் என்றார். நடுவில் கம்பி இருந்தால்? அங்கேயே நிற்கட்டும் என்றார். பேட்டரி தீர்ந்தால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஆனால்' என் வாயில் தயாராக இருந்தது.

பூனைதான் வழி சொன்னாள். டிரைவருக்குத் தான் வந்த பாதை ஞாபகம் இருக்கும். கண்டக்டரின் குரல் சில நொடிகள் கேட்காமல் போனால், வந்த வழியே அடி பிசகாமல் திரும்பி, தரையில் விரித்து வைத்த, புறப்பட்ட பாயிலேயே வந்து இறங்கட்டும். போகும்போது கம்பியில் முட்டாத பாதை வரும்போதும் முட்டாது. இதற்கெல்லாம் மேலே, தரையில் நிற்கும் பூனையின் கையில் ரிமோட். அதில் ஒரு சுவிட்சைத் தட்டினால் கண்டக்டர் என்ன கத்தினாலும் டிரைவர் கேட்க மாட்டான்.

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன். டிரைவர் கண்டக்டர் கதை இவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "கண்டக்டர் மயங்கி விழுந்தா பஸ்ஸை ரிவர்ஸ்லயே டிப்போவுக்கு ஓட்டிட்டு வந்துருவானா? பலே ஆளுய்யா," என்று சிரித்தார். அத்தையும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை நாளாகிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஊருக்கு வெளியே வெற்று மைதானத்தில் பறக்க விட்டோம். பறக்கும்போதே பூனை கண்டக்டரின் வாயை அடைத்தாள். ட்ரோன் ஒரு கணம் அந்தரத்தில் திகைத்து நின்றது. பிறகு போன வழியிலேயே பின்வாங்கி வந்து, பாயின் மேல் பொத்தென்று உட்கார்ந்தது. திரும்பத் திரும்பச் செய்தோம், ஒவ்வொரு தடவையும் வந்தது. அவசரம் விசில் அடித்தார்.

மைதானத்தில் ஒரே புழுதி. கேமராவில் கீறல் விழுந்துவிடுமே என்று லென்ஸ் மூடியை நான் கழற்றவே இல்லை. போக வேண்டிய பாதையைப் பூனை முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால் கண்டக்டருக்குக் கண் தேவைப்படவில்லை. மேசையிலும் அப்படித்தான், வாங்கிய நாளிலிருந்து மூடியோடுதான் வைத்திருக்கிறேன். படம் எப்படி வரும் என்பது பூனை முன்பே கேமராவைத் தன் கணினியில் மாட்டித் தனியாகப் பார்த்துவிட்ட விஷயம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வியாழக்கிழமை பரிசோதனை. லைனை நிறுத்திவிடுவார்களாம். ட்ரோன் முடிக்காவிட்டால் அன்றைக்கே ஆளை ஏற்றி முடித்துவிட வேண்டும் என்பதற்காகக் கோபுரத்தடியில் ஒருவரைப் பூட்டோடும் பெல்ட்டோடும் நிறுத்தப் போகிறார்கள். யாரை என்று நான் கேட்கவில்லை. இவரே சொன்னார்.

"உன் மெஷின் ஓடிச்சுன்னா நான் சும்மா நின்னு வேடிக்கை பாக்கப் போறேன். அவ்வளவுதானே?"

ஆகஸ்ட் 27, புதன்

ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்துவிட்டேன். மூன்று கம்பிகளும் சரி. தரை சரி. சப்ளை சரி. நட்டுகள் என் பையில்.

சாயங்காலம் படி ஏறி வரும்போது இவர் நடுப்படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். நான் இவரைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தேன்.

நாளைக்கு நானே சொல்லிவிடவா?

சொல்ல மாட்டேன். எனக்கே தெரிகிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் நல்ல வெயில், லேசான காற்று. கோபுரத்தடியில் மேலதிகாரி, அவரோடு இரண்டு பேர், பெல்ட்டும் ஹெல்மெட்டுமாக இவர். இவர் என்னைத் தெரியாதவர் போல நின்றார், அலுவலக மரியாதையாம். லைனை நிறுத்தினார்கள். இவர் தன் பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். நான் இறக்கைகளை மாட்டி, நட்டுகளை முடுக்கினேன். லென்ஸ் மூடியைக் கழற்றி, நட்டுகள் இருந்த என் பையில் போட்டேன்.

ட்ரோன் எழும்பியது. முதல் சுற்று கணக்காகப் போயிற்று. மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் வளையங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன, விரிசல் இருந்தால் எண்ணிவிடலாம் போல அவ்வளவு துல்லியம். அவசரம் மேலதிகாரியின் காதருகே நின்று விளக்கிக்கொண்டே இருந்தார். கோபுரத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் உச்சிக் கையின் அருகே போனபோது திரை கறுத்தது.

"என்னாச்சு?" என்றார் மேலதிகாரி.

கண்டக்டர் மயங்கி விழுந்துவிட்டான். பூனையின் விரல் ரிமோட் சுவிட்சின் மேல் நின்றது. நான் தலையை ஆட்டினேன், பொறு என்று. ட்ரோன் உச்சியில், கம்பிகளுக்கு நடுவே திகைத்து நின்றது. அந்த நேரத்தில் நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. பிறகு மெதுவாகப் பின்வாங்கியது. போன வழியே, அந்தக் கையைச் சுற்றி, இந்தக் கம்பியை விட்டு விலகி, இறங்கி, பாயின் மேல் வந்து உட்கார்ந்தது. பச்சை விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

யாரும் கை தட்டவில்லை. அவசரம், "இது ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தார். மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பரவாயில்ல, இன்னொரு நாள் பாத்துக்கலாம். லைன் நின்னுக்கிட்டிருக்கு. ஆளை ஏத்துங்க," என்றார்.

இவர் கோபுரத்தை நோக்கி நடந்தார். பெல்ட்டை இறுக்கினார். கோபுரத்தின் முதல் படிக் கம்பியில் கை வைத்தார். வாயைத் திறந்தேன், நிஜமாகவே திறந்தேன், காற்றுதான் வந்தது. அத்தனை நாள் ஒத்திகை பார்த்த வார்த்தையில் ஒன்றுகூட அகப்படவில்லை.

இவர் ஏறவில்லை. கையை எடுக்காமல் திரும்பிப் பாயில் இருந்த ட்ரோனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி வந்து, பையிலிருந்து சாவியை எடுத்து மேலதிகாரியின் கையில் வைத்தார்.

"சார், எனக்கு ஒரு மாசமா தலை சுத்துது. டாக்டர் ஏறக் கூடாதுன்னுட்டார். நான் உங்ககிட்டச் சொல்லல."

மேலதிகாரி சாவியையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுல கண்டக்டருக்கு மயக்கம் வந்தா டிரைவர் பத்திரமா எறக்கிக் கொண்டாந்துடுறான் சார்," என்றார் இவர். "எனக்கு டிரைவரும் கண்டக்டரும் ஒரே ஆளு."

நான் அழுதுவிட்டேன். அத்தனை பேருக்கும் முன்னால். மேலதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. அவசரம், "அவங்க வீட்டுக்காரர் சார்," என்று மெதுவாகச் சொன்னார். அவர் எதையாவது மெதுவாகச் சொல்லி இன்றுதான் கேட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இவருக்கு ஸ்டோர் ரூம். நினைத்த மாதிரியே. கண்டிப்பு ஒன்றும் இல்லையாம். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா," என்று மட்டும் மேலதிகாரி சொன்னாராம். அதுதான் இவருக்கு அதிகமாக வலிக்கிறது போல. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

அத்தை அருகில் போய் உட்கார்ந்து, "ஃபேன் சுத்தலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா," என்றார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கண்டக்டர் ஏன் விழுந்தான் என்று இன்று கண்டுபிடித்தோம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மேசையில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் விழவில்லை. பூனை சும்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து லென்ஸ் மூடியைத் திறந்தாள். வெளியே மரம், வெயில், தெருவில் ஆட்கள். கொஞ்ச நேரத்தில் விழுந்தான். மூடியைப் போட்டாள், விழவே இல்லை.

மூடி போட்ட கேமராவுக்குத் தெரிவது வெறும் இருட்டு. இருட்டில் பார்க்க என்ன இருக்கிறது? கண்டக்டர் இத்தனை நாளும் வேலையே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறான். கண்ணைத் திறந்ததும் ஒவ்வொரு வளையமாகத் தேடத் தேடப் பசி எடுக்கிறது. நான் போட்டிருந்த சப்ளைக் கம்பி மெல்லிசு, அந்தப் பசிக்கு வேண்டிய கரன்ட் போகும்போது வழியிலேயே வோல்ட் குறைந்துவிடுகிறது. மீட்டரை வைத்துப் பார்த்தேன், கண் எதிரே சரிந்தது.

அவசரத்தைக் குறை சொல்ல வழியே இல்லை. கீறல் விழுந்துவிடும் என்று மூடிப் பத்திரப்படுத்தியது நான். மூடி வைத்துக்கொண்டே எல்லாம் சரி, எல்லாம் சரி என்று டிக் அடித்ததும் நான். வீட்டிலும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

தடித்த கம்பி, குட்டையாக. மூடியைத் திறந்துவைத்து நாள் முழுக்க ஓட்டினோம். விழவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

"ஸ்க்ரூ எண்ணியாச்சா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

செப்டம்பர் 18, வியாழன்

இரண்டாம் பரிசோதனை. காற்று போன தடவையைவிட அதிகம். கோபுரத்தை முழுக்கச் சுற்றி முடித்துவிட்டுத் தானாக வந்து இறங்கியது. கண்டக்டர் கடைசி வரை கண் அசரவில்லை. மேலதிகாரி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இந்த வளையத்துல இருக்கிறது விரிசலா, பறவை எச்சமா?" என்று கேட்டார். எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

"எச்சம்தான் சார்," என்று பின்னாலிருந்து குரல். ஸ்டோர் ரூம்காரர். அளவு நாடா கொண்டுவந்து கொடுக்க வந்தாராம்! அளவு நாடாவை யாரும் கேட்கவில்லை.

மழைக்கு முன்னால் பார்க்க வேண்டிய கோபுரங்கள் நிறைய. கோபுரம் தெரிந்த ஒருவர் அலுவலகத் தரப்பிலிருந்து உங்களோடு நிற்க வேண்டியிருக்கும், யார் என்று யோசித்துச் சொல்கிறேன் என்றார் மேலதிகாரி. நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம்.

அக்டோபர் 5, ஞாயிறு

முதல் மழை வரும் போல இருந்தது, சீக்கிரம் துணியை நனைத்தேன். இவருடைய வேலைச் சட்டையை எடுத்தால் பை கனத்தது. உள்ளே இரும்பு ஒன்றோடொன்று உரசும் சத்தம்.

கை அப்படியே நின்றுவிட்டது. குழாயை மட்டும் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் பைக்குள் கை விடவே இல்லை.

பிறகு விட்டேன். நட்டுகள். நான்கு இறக்கை நட்டுகள், ஒன்றில் கிரீஸ்கூடக் காயவில்லை. நேற்று சாயங்காலம் வேலை முடியும்போது கேமரா தாங்கி ஆடுகிறது என்று, இப்போது அலுவலகத் தரப்பிலிருந்து எங்களோடு நிற்கும் இவர்தான் ட்ரோனுக்குள் கை விட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். திருப்பித் தர மறந்துவிட்டார். அவசரம் இந்நேரம் மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருப்பார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். இவர் தரையில் உட்கார்ந்து அத்தைக்கு அந்த டிரைவர் கண்டக்டர் கதையை மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார், இந்தத் தடவை தான் கண்டுபிடித்த மாதிரி. கூப்பிடவில்லை. நட்டுகளைத் துடைத்து, நாளைக்கு இவர் போடப் போகும் சட்டையின் பையில் போட்டுவிட்டுத் துணி அலசப் போனேன்.